சொன்ன பேச்சு கேட்காத வளர்ந்த நாயைப் பழக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காப்பகத்திலிருந்து வரும் நாய்களைக் கொஞ்சகாலம் வீட்டில் வைத்துப் பழக்கி அனுப்புகிறேன் என்பது சொந்தபந்தத்துக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அதனால் தீபாவளி விருந்தானாலும் சரி, கல்யாண வீடானாலும் சரி, யாராவது ஒருவர் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து நாய்ப் புராணத்தை ஆரம்பித்துவிடுகிறார். கேள்விகளும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான், ஆகவே ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். ஐந்தாறு வயதைத் தாண்டிய, தனக்கென்று ஒரு போக்கு உள்ள நாய்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். குட்டி நாய் வேறு கதை.

எங்க நாய்க்கு எட்டு வயசு. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமான்னு மாமா கேக்கிறார். இனிமே பழக்க முடியுமா?

முடியும். மாமா சொல்லும் பழமொழி நாய்க்குப் பொருந்தாது. சொல்லப்போனால் வளர்ந்த நாய்க்குக் குட்டியைவிட நிதானம் அதிகம், ஐந்து நிமிடம் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரும். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது அதற்குக் கஷ்டமே இல்லை. வருடக்கணக்காகச் செய்து பலன் கண்ட ஒரு பழக்கத்தை விடுவதுதான் கஷ்டம். 'உட்கார்' என்பதைச் சில நாளில் பிடித்துக்கொள்ளும் அதே நாய், சோபாவை விட்டுக்கொடுக்க ஒரு மாதம் எடுக்கும்.

இங்கே சிங்கப்பூரில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் சிங்கப்பூர் ஸ்பெஷல் எனப்படும் உள்ளூர்க் கலப்பின நாய்களைத் தத்தெடுக்க வழிசெய்யும் 'அடோர்' திட்டம் 2012இல் வந்தது. அதில் தத்தெடுப்பவர் நாயைக் கீழ்ப்படிதல் பயிற்சிக்கு அழைத்துப்போக வேண்டும் என்பது நிபந்தனை. அப்படி வருகிற நாய்களில் தெருவிலும் தொழிற்பேட்டையிலும் வளர்ந்து பெரியதானவையும் உண்டு, அவையும் மின்தூக்கியில் ஏறி இறங்கக் கற்றுக்கொள்கின்றன.

கூப்பிட்டா திரும்பிப் பாக்குது, ஆனா வரமாட்டேங்குது. வேணும்னே பண்ணுதா?

வேண்டுமென்று உங்களை எரிச்சலூட்ட நாய் திட்டம் போடாது. வந்தால் என்ன கிடைக்கும், வராவிட்டால் என்ன கிடைக்கும் என்று பார்க்கும், அவ்வளவுதான். பூங்காவில் 'வா' என்று நீங்கள் கூப்பிடுவதெல்லாம் கயிறு மாட்டி வீட்டுக்கு இழுத்துப்போகத்தான் என்றால், அது ஏன் வரவேண்டும்? ஒரு நாளில் பத்துமுறை சும்மா கூப்பிட்டு, வந்ததும் ஒரு துண்டு கோழியைக் கொடுத்து, மறுபடி விளையாட விடுங்கள். கூப்பிட்டு வந்த நாயை எக்காரணம் கொண்டும் திட்டாதீர்கள், பத்து நிமிடம் அலையவிட்டு வந்திருந்தாலும் கூட.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். வயதான நாய்க்குக் காது மந்தமாகியிருக்கலாம். இடுப்பு வலி உள்ள நாயை 'உட்கார்' என்றால் அது உட்காராது, அதைப் பிடிவாதம் என்று நாம் பெயர் வைத்துவிடுவோம். பயிற்சி தொடங்கும் முன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டி பல், மூட்டு, காது, கண் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். காது கேட்காத நாய்க்குக் கையால் சைகை காட்டினாலே போதும், பல நாய்கள் சொல்லைவிட சைகையை வேகமாகப் பிடித்துக்கொள்ளும்.

சரி, எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

நாயிடமிருந்து ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நாய் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது, யார் எப்போது சாப்பாடு போடுவது, எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்று பேசி முடித்துவிடுங்கள். அப்பா 'இறங்கு' என்கிறார், அம்மா 'எறங்குடா' என்கிறார், மகன் ஆங்கிலத்தில் 'ஆஃப்' என்கிறான், பணிப்பெண் தன் மொழியில் ஏதோ சொல்கிறார். நாய்க்கு நான்கும் நான்கு வேறு சத்தம். எந்த மொழியாக இருந்தாலும் பரவாயில்லை, எல்லாரும் ஒன்றையே சொல்ல வேண்டும்.

விதிகள் மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். பத்து விதி போட்டால் வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது.

சோபாவில ஏறக்கூடாதுன்னா கேக்கவே மாட்டேங்குது. இறக்கிவிட்டா திரும்ப ஏறுது. என்ன பண்ண?

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: ஏறவே கூடாதா, அல்லது கூப்பிட்டால் ஏறலாமா? இரண்டும் சரிதான். சோபாவில் ஏறும் நாய் கெட்டுப்போன நாய் என்றெல்லாம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும், யாரும் பார்க்காதபோது மட்டும், குளித்திருந்தால் மட்டும் என்று இருந்தால் நாய் எப்படிக் கற்கும்? எப்போதாவது ஒருமுறை அனுமதி கிடைத்தாலும் போதும், 4டி லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர் மாதிரி அது விடாமல் முயன்றுகொண்டே இருக்கும்.

ஏறக்கூடாது என்றால் அதற்குப் பதில் ஓர் இடம் கொடுக்க வேண்டும். சோபாவுக்குப் பக்கத்திலேயே, மின்விசிறிக் காற்று வருகிற இடமாகப் பார்த்து ஒரு பாய் அல்லது மெத்தை போடுங்கள். மூட்டு வலி உள்ள நாய் என்றால் நல்ல கனமான மெத்தை. நாய் அந்தப் பக்கம் தானாகப் போய் ஒரு காலை வைத்ததுமே, ஒரு வார்த்தையும் பேசாமல், பாயின் மேல் ஒரு துண்டு தீனியை வையுங்கள். கையில் கொடுக்காதீர்கள், பாயில் வையுங்கள். இரண்டு காலும் வைத்தால் இன்னொன்று. படுத்தால் இரண்டு மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாக. சில நாட்களில் நீங்கள் சோபாவில் உட்கார்ந்ததுமே அது பாய்க்குப் போய் உங்களைப் பார்க்கும். அப்போதுதான் 'பாய்' என்று சொல்லத் தொடங்க வேண்டும், அதற்கு முன்னால் அந்தச் சொல்லை வீணாக்காதீர்கள்.

சோபாவில் ஏறிவிட்டால் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்க வேண்டாம். தரையில் ஒரு துண்டு தீனியைப் போட்டு இறங்க வைத்து, பாய்க்கு அனுப்புங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் சோபாவின் மேல் நாற்காலியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

பூசை அறைக்குள்ளயும் சமையல்கட்டுக்குள்ளயும் வரக்கூடாது. கதவு இல்லாத வீடு, எப்படி?

முதல் சில வாரங்களுக்குக் குழந்தைகளுக்கு வைக்கும் தடுப்புக் கதவு ஒன்றை வாங்கி வையுங்கள். கூடவே தரையில் ஒரு கோடு காட்டுங்கள், வண்ண டேப் ஒட்டினால் போதும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நான்கு காலும் இருந்தால் தீனி வரும். கோட்டைத் தாண்டினால் நீங்கள் சமைப்பதை நிறுத்திவிட்டு, பேசாமல் அதன் முன்னால் நின்று அது பின்வாங்கும்வரை காத்திருப்பீர்கள். கத்தத் தேவையில்லை. பூசை அறைக்கும் இதே முறைதான், ஆனால் மணி அடித்ததும் நாய்க்கு 'பாய்' நேரம் என்று வைத்துக்கொண்டால் இன்னும் சுலபம். மணிச் சத்தமே அதற்கு உத்தரவாகிவிடும், சாம்பிராணிப் புகையில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்காது.

பாட்டி சாப்பிடும்போது மேசைக்கடியில கொடுத்துக்கிட்டே இருக்காங்க. சொன்னா கோவிச்சுக்கிறாங்க.

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருவது. நாயைப் பழக்குவது பாதி வேலை என்றால் பாட்டியைச் சமாளிப்பது மீதி. பாட்டிக்கு அது பாசம், 'கொடுக்காதீங்க' என்றால் பாசத்தைத் தடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் கொடுக்கும் உரிமையை எடுக்காதீர்கள், இடத்தையும் பொருளையும் மாற்றுங்கள். ஒரு சின்ன டப்பாவில் அவித்த கோழி அல்லது சர்க்கரைவள்ளிக்கிழங்குத் துண்டுகளைப் போட்டு, 'பாட்டி டப்பா' என்று அவர் கையில் கொடுத்துவிடுங்கள். நாய் பாயில் படுத்திருந்தால் சாப்பாடு முடிந்தபின் பாட்டி போய்க் கொடுக்கலாம். கொஞ்சநாளில் நாய் மேசைக்கடியை விட்டுப் பாட்டியின் சாப்பாடு முடியக் காத்திருக்கும். பாட்டிக்கும் பெருமை.

எதைக் கொடுக்கவே கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற மாற்றுச் சர்க்கரை சேர்த்த இனிப்பு. சாம்பார் சாதத்தில் வெங்காயம் இருக்கிறது, கேசரியிலும் பாயசத்திலும் உலர்திராட்சை இருக்கிறது. திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும். இந்தக் காரணத்தைச் சொன்னால் பெரும்பாலான பாட்டிகள் கேட்டுக்கொள்வார்கள்.

நீதான் தலைவன்னு காட்டணும், முதல்ல நீ சாப்பிடணும், வாசல்ல முதல்ல நீ போகணும்ங்கிறாங்களே?

விட்டுத்தள்ளுங்கள். ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் 1947இல், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பிய கருத்து இது. டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970இல் எழுதிய புத்தகம் அதை உலகமெல்லாம் பரப்பியது. பிறகு காட்டு ஓநாய்களை நேரில் கவனித்த அதே மெக், ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான், சண்டை போட்டுப் பதவி பிடிக்கும் கூட்டம் இல்லை என்று 1999இல் எழுதினார். எழுதியவரே திருத்திக்கொண்டார், நம் ஆட்கள் இன்னும் நாயை மல்லாக்கப் போட்டு அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பயந்த நாய் கடிக்கும், அதுவும் முகத்துக்குப் பக்கத்தில்.

வாசலில் நாயைக் காத்திருக்கச் சொல்வதில் தப்பில்லை. மின்தூக்கிக் கதவு திறந்ததும் பாய்ந்து ஓடாமல் இருக்க அது தேவை. ஆனால் காரணம் பாதுகாப்பு, பதவி இல்லை.

பக்கத்தில போனா உறுமுது. அதட்டினா நிறுத்திடுது. அதட்டலாம்தானே?

கூடாது. உறுமல் என்பது 'எனக்குப் பிடிக்கவில்லை, தள்ளிப்போ' என்று நாய் மரியாதையாகச் சொல்வது. அதட்டி அந்தச் சத்தத்தை நிறுத்தினால் பிடிக்காதது அப்படியே உள்ளே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். 'சும்மா இருந்த நாய் திடீரென்று கடித்துவிட்டது' என்று வரும் கதைகளில் பலவற்றைக் கிளறினால், எப்போதோ ஒருகாலத்தில் உறுமலுக்கு அடி வாங்கிய நாயாக இருக்கும். உறுமினால் தள்ளிப்போங்கள், எதற்கு உறுமியது என்று குறித்துக்கொள்ளுங்கள். தூங்கும்போது தொட்டதா, இடுப்பைத் தடவியதா, எலும்பு வாயில் இருந்ததா? பதில் அதில்தான் இருக்கும்.

செருப்பைத் தூக்கிட்டுப் போயி கடிச்சுக்கிட்டு கிட்ட வந்தா பல்லைக் காட்டுது.

துரத்தாதீர்கள், பறிக்காதீர்கள். இரண்டு மூன்று துண்டு கோழியை நாய்க்கு ஓர் ஆள் தூரத்தில் தரையில் போட்டுவிட்டு, நீங்கள் பின்னால் நகருங்கள். அது செருப்பை விட்டு வந்து தின்னும்போது இன்னும் இரண்டு துண்டை இன்னும் தள்ளிப் போடுங்கள். அது அங்கே போனபின் செருப்பை எடுங்கள். அப்புறம், செருப்பு அளவுக்கு அதற்குப் பிடிக்காத பொருளை வைத்து, அவசரமில்லாத நேரத்தில் இதே மாற்றலைப் பழக்குங்கள். முடிந்தபோதெல்லாம் எடுத்த பொருளைத் திரும்பவும் கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் திரும்பி வரும் என்று தெரிந்த நாய் பல்லைக் காட்டாது. வாசலில் செருப்பு அலமாரிக்கு ஒரு கதவு போடுவது இதைவிட மலிவான வைத்தியம், அதையும் செய்யுங்கள்.

தீனி கையில இருந்தாத்தான் பேச்சைக் கேக்குது. லஞ்சம் மாதிரி இல்லையா?

தீனியைக் காட்டிவிட்டுச் சொன்னால் லஞ்சம், சொன்னதைச் செய்தபின் கொடுத்தால் சம்பளம். தீனியைக் கையில் வைக்காமல் அலமாரியில் வைத்துவிட்டுச் சொல்லுங்கள், செய்ததும் போய் எடுத்துக் கொடுங்கள். பழக்கம் ஊன்றியதும் தினமும் கொடுக்காமல் எப்போதாவது கொடுத்தால் போதும். சோபா விஷயத்தில் நம்மைக் கெடுத்த அந்த 4டி ஆசை இங்கே நமக்கு உதவும். தீனியின் அளவை அன்றைய சாப்பாட்டிலிருந்து குறைத்துக்கொள்ளுங்கள், வயதான நாய்க்கு எடை கூடினால் மூட்டு தாங்காது.

கீழ்த்தளத்தில இழுத்துக்கிட்டு ஓடுது. லிஃப்ட்ல பக்கத்து வீட்டு மலாய் அக்கா வந்தா எனக்குச் சங்கடமா இருக்கு.

இழுப்பதற்கு: கயிறு இறுகினால் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள். முதல் வாரம் புளோக்கையே தாண்ட மாட்டீர்கள், பரவாயில்லை. கழுத்துப்பட்டைக்குப் பதில் நெஞ்சில் வளையம் உள்ள ஹார்னஸ் போட்டால் கழுத்து நோகாது. நிறைய மோப்பம் பிடிக்க விடுங்கள், வேகமாக நடப்பதைவிட அதில்தான் நாய் களைக்கும். நம் ஊர் வெயிலுக்குக் காலையும் இரவும்தான் நேரம், மதியத்துச் சிமெண்டுத் தரை பாதத்தைச் சுட்டுவிடும். பொது இடத்தில் கயிறு கட்டாயம், மீறினால் 5,000 சிங்கப்பூர் வெள்ளிவரை அபராதம் விதிக்கலாம்.

மின்தூக்கி விஷயத்தில் சங்கடப்பட ஒன்றுமில்லை, அடுத்ததற்குக் காத்திருங்கள். இங்குள்ள மலாய் முஸ்லிம்கள் பின்பற்றும் முறைப்படி, நாயின் எச்சிலோ ஈர மூக்கோ பட்டால் ஏழுமுறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். அவர் ஒதுங்குவது உங்கள் நாய்மேல் உள்ள வெறுப்பு இல்லை. ஏற்கனவே உள்ளே இருக்கும்போது யாராவது ஏறினால், நாயை மூலையில் சுவரோரம் உட்கார வைத்து நீங்கள் குறுக்கே நின்றுகொள்ளுங்கள். 'மூலை' என்று ஒரு சொல்லை, பாய்க்குச் செய்த அதே வழியில், ஆள் இல்லாத நேரத்தில் மின்தூக்கியிலேயே பழக்கலாம். இப்படி மூன்று மாதம் நடந்துகொண்டால் அந்த அக்காவே 'இன்றைக்கு நாய் எங்கே' என்று கேட்பார்.

நாங்க வேலைக்குப் போனா குரைக்குதுன்னு புகார் வருது. குரைக்கும்போது கண்டுக்காம விட்டா இன்னும் அதிகமாகுதே?

இரண்டு வகைக் குரைப்பு இருக்கிறது. உங்கள் கவனத்துக்காகக் குரைத்தால் கண்டுகொள்ளாமல் விடுவது சரி. ஆனால் விட ஆரம்பித்ததும் முதலில் கூடத்தான் செய்யும், இதுவரை பலித்தது ஏன் பலிக்கவில்லை என்று இன்னும் பலமாக முயலும். அந்த உச்சத்தில் பொறுமை இழந்து எழுந்து போனால், 'இவ்வளவு சத்தம் போட்டால்தான் வருவார்கள்' என்று நீங்களே கற்றுக்கொடுத்ததாகும். பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, ஒரு பெட்டி பலகாரத்தோடு, இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சமூக மத்தியஸ்த நிலையம்வரை போகும் சண்டைகள் பல, யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாததால்தான் போகின்றன.

தனியாக இருக்கும் பயத்தில் குரைத்தால் கண்டுகொள்ளாமல் விடுவது உதவாது, பயம் கூடும். பழைய கைப்பேசியில் காணொளி எடுத்துப் பாருங்கள். எச்சில் வடித்து, கதவைப் பிறாண்டி, ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தால் அது பயம். அதற்கு ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என்று வெளியே போய்ப் போய் வந்து நேரத்தைக் கூட்ட வேண்டும், சில நாய்களுக்கு மருந்தும் தேவைப்படும். இடி மின்னலுக்குப் பயப்படும் நாய்க்கும் இதே கவனம் வேண்டும், இங்கே இடிக்குப் பஞ்சமே இல்லை.

பணிப்பெண் சொன்னா உடனே கேக்குது. சோறு போடற என் பேச்சை மதிக்கலை.

சோற்றுக்குப் பணம் கொடுப்பது நீங்கள், போடுவது அவர். காலையும் மாலையும் நடக்கக் கூட்டிப்போவதும் அவர்தான். நாய் கணக்கில் சரியாகத்தான் இருக்கிறது. ஒருவேளை சாப்பாட்டையும் ஒரு நடையையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் கேள்வியில் சொன்ன மேசைப் பேச்சில் அவரையும் உட்கார வையுங்கள், நாயைப் பற்றி உங்களைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருக்கும்.

மின்சார அதிர்ச்சி கொடுக்கிற ஷாக் காலரைக் கழுத்துல போட்டா ஒரே நாள்ல சரியாயிடும்னு ஒருத்தர் சொன்னார்.

ஒரே நாளில் அமைதியாகும், உண்மைதான். பயந்து அமைதியானதற்கும் பழகி அமைதியானதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நாய், வலியை அப்போது எதிரே தெரிந்ததோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். எதிரே நின்றது பக்கத்து வீட்டுக் குழந்தை என்றால்? உறுமலைப் பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும். பயிற்சியாளரை அமர்த்துவதென்றால், 'நாய் தப்பு செய்தால் என்ன செய்வீர்கள்' என்று முதலில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தாலோ, நீங்கள் கூட இருக்கக்கூடாது என்றாலோ வேறு ஆளைப் பாருங்கள்.

நல்லாப் பழகின நாய், இப்ப பதினோரு வயசுல எல்லாம் மறந்துபோச்சு. வீட்டுக்குள்ளயே ஒண்ணுக்குப் போகுது.

இது பயிற்சிக் கேள்வி இல்லை, மருத்துவக் கேள்வி. சிறுநீர்த் தொற்று, சிறுநீரகம், நீரிழிவு, கண்புரை என்று பல காரணம் இருக்கலாம். முதியவர்களுக்கு வருவது போன்ற மறதி நோய் நாய்களுக்கும் வரும்: இரவில் விழித்து அலையும், மூலையில் போய் நின்று வழி தெரியாமல் முழிக்கும், பழகியவரையே அடையாளம் தெரியாத மாதிரி பார்க்கும். அந்த நாயிடம் விதி பேசாதீர்கள். இரவு விளக்கு ஒன்றை எரியவிடுங்கள், வழுக்கும் தரையில் விரிப்பு போடுங்கள், அறைகலனை இடம் மாற்றாதீர்கள், அடிக்கடி கீழே கூட்டிப்போங்கள்.

எல்லாம் செஞ்சு பாத்தாச்சு. பேரன் வந்திருக்கான், நாய் அவனைப் பாத்து உறுமுது. வேற வீட்டுக்குக் கொடுத்துடலாமா?

முதலில் பேரனையும் நாயையும் தனித்தனியே வையுங்கள், தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கமாக. பெரியவர் கண்முன் இல்லாமல் இரண்டையும் ஒரே அறையில் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். நாய் பாயில் இருக்கும்போது குழந்தை அந்தப் பாய்க்குப் போகக்கூடாது என்பதும் வீட்டு விதிதான், விதி நாய்க்கு மட்டும் இல்லை. மருத்துவரும் நடத்தை தெரிந்த பயிற்சியாளரும் பார்த்தபின் பெரும்பாலான வீடுகளில் இதற்கு ஒரு வழி பிறக்கிறது.

அப்படியும் முடியவில்லை, பயம் தீரவில்லை என்றால், குழந்தை இல்லாத வீட்டுக்குக் கொடுப்பதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுவது குற்றம், முதல்முறைக்கே 10,000 வெள்ளிவரை அபராதமோ ஓராண்டுவரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். நாயைத் தத்தெடுத்த காப்பகம் எதுவோ அங்கே முதலில் சொல்லுங்கள், திரும்ப எடுத்துக்கொள்வதாகப் பல காப்பகங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். வாங்கிக்கொள்பவரிடம் உறுமியதையும் கடித்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்புறம் தேசியப் பூங்காக் கழகத்தின் உரிமப் பதிவை அவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் நாய் அங்கே இருந்தாலும் பதிவில் உங்கள் பெயர்தான் இருக்கும், ஏதாவது நடந்தால் கேள்வி உங்களிடம்தான் வரும்.